ஆற்றல் முந்தியது, ஆளும் திறன் பிந்தியது: 'எக்ஸ்-மென்' முதல் 'மை ஹீரோ அகாடமியா' வரை இளம் நாயகர்களின் பள்ளிக்கூடம்

ஜப்பானிய சித்திரக்கதைக் கலைஞர் கோஹெய் ஹொரிகோஷி எழுதி வரைந்த 'மை ஹீரோ அகாடமியா' தொடர், 'வீக்லி ஷோனென் ஜம்ப்' வார இதழில் 2014-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கி, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 430 அத்தியாயங்களுடன் நிறைவு பெற்றது. 2016-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய அதன் அனிமே வடிவமும் 2025-இல் வெளியான எட்டாவது பருவத்துடன் முடிவுக்கு வந்தது. அசாதாரண ஆற்றல் படைத்த பதின்பருவத்தினர் ஒரு பள்ளியில் சேர்ந்து, அந்த ஆற்றலை ஆளக் கற்றுக்கொள்வதே இதன் கதை.

இந்தக் கதைவகை புதிதன்று. அமெரிக்காவில் 1963-இல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' இதழிலிருந்து கணக்கிட்டால் அதற்கு அறுபது வயது கடந்துவிட்டது. வழக்கமான சூப்பர் ஹீரோ கதையில் நாயகனுக்கு ஆற்றல் கிடைக்கும், ஓரிரு தடுமாற்றங்களுக்குப் பின் அது அவனுக்குக் கைவந்துவிடும், வில்லன் வந்துவிடுவான். பள்ளிக் கதைகளோ அந்த ஓரிரு தடுமாற்றங்களையே முழுக் கதையாக விரிக்கின்றன. ஆற்றல் வந்துவிட்டது, அதைத் தாங்கும் உடலும் பக்குவமும் இன்னும் வரவில்லை என்ற இடைவெளியில்தான் இவற்றின் மாணவர்கள் வாழ்கிறார்கள். அந்த இடைவெளியில் அவர்களுடன் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அவர்கள் நாயகர்களாகவோ வில்லன்களாகவோ மாறுகிறார்கள்.

(தொடரை இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் கவனத்துக்கு: இக்கட்டுரையில் இறுதிப் பகுதியின் நிகழ்வுகளும் இடம்பெறுகின்றன.)

நியூயார்க் அருகே ஒரு மாளிகை

எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் உருவாக்கிய 'எக்ஸ்-மென்' இதழின் முதல் கதையே ஒரு பயிற்சி வகுப்பில்தான் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதியில், பேராசிரியர் சார்லஸ் சேவியரின் மாளிகை வெளியுலகுக்கு ஓர் உறைவிடப் பள்ளி. உள்ளே பயில்பவர்களோ 'மியூட்டன்ட்' எனப்படும், பிறவியிலேயே மரபணு மாறுபாடு கொண்ட பிள்ளைகள். பெரும்பாலும் பதின்பருவத்தில்தான் அந்த மாறுபாடு ஆற்றலாக வெளிப்படுகிறது. உடல் சொன்னபடி கேட்காத வயதில், உடலே ஆயுதமாகவும் மாறிவிடுகிறது.

முதல் வகுப்பில் ஐவர்: சைக்ளாப்ஸ், மார்வெல் கேர்ள், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன். இவர்களுக்கான பயிற்சிக் களம் 'டேஞ்சர் ரூம்'. சுவர்களிலிருந்து இயந்திரக் கரங்களும் ஆயுதங்களும் பாயும் அந்த அறை, தவறு செய்தால் உயிர் போகாமல் தவறு செய்வதற்கென்றே கட்டப்பட்டது.

ஐவரில் மிகவும் கட்டுப்பாடானவர் சைக்ளாப்ஸ். ஆனால், அவரது ஆற்றல் மட்டும் அவருக்குக் கட்டுப்பட்டதே இல்லை. கண்களைத் திறந்தால் பார்வைபடும் இடமெல்லாம் செந்நிற விசைக்கதிர் பாயும். அதை நிறுத்த அவரால் இயலாது. சிறுவயதில் எரியும் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தபோது தலையில் பட்ட காயமே காரணம் எனப் பின்னாளைய கதைகள் விளக்கின. கதிரைத் தடுக்கும் சிவப்புப் படிகக் கண்ணாடியை அணிந்தே அவர் உலகைப் பார்க்கிறார். குறை தீராத மாணவனே குழுத்தலைவனாகிறான் என்பது இத்தொடர் தொடக்கத்திலேயே எடுத்த நல்ல முடிவுகளுள் ஒன்று. குறையை ஒப்புக்கொண்டு ஒரு கருவியின் துணையுடன் வாழப் பழகுவதும் தேர்ச்சியே என அது ஏற்றுக்கொண்டது.

'எக்ஸ்-மென்' தொடக்கத்தில் பெரும் வெற்றி பெறவில்லை. 1970-இல் புதிய கதைகள் நிறுத்தப்பட்டுப் பழைய கதைகளே மறுபதிப்பாயின. 1975-இல் லென் வெய்ன், டேவ் காக்ரம் இணை புதிய குழுவுடன் அதை மீட்டெடுத்தது. ஆனால், அந்தப் புதியவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். கதை போர்க்களங்களுக்கு நகர்ந்து, பள்ளி பின்னணியாகச் சுருங்கியது.

மீண்டும் வகுப்பறை

வகுப்பறையைத் திரும்பக் கொண்டுவந்தது 1982-இல் கிறிஸ் கிளேர்மான்ட், பாப் மெக்லியட் உருவாக்கிய 'தி நியூ மியூட்டன்ட்ஸ்'. இதன் ஐந்து மாணவர்களும் தத்தம் ஆற்றலால் ஏற்கெனவே காயம்பட்டவர்கள்.

கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன் சாம் கத்ரி, தந்தை நுரையீரல் நோயால் இறந்தபின் குடும்பத்தைக் காக்கத் தானும் சுரங்கத்தில் இறங்குகிறான். சுரங்கம் சரிந்தபோதுதான் ராக்கெட்போல் பாய்ந்து செல்லும் ஆற்றல் அவனுக்கு வெளிப்படுகிறது. பாய அவனுக்குத் தெரியும். திரும்பவும் தரையிறங்கவும் தெரியாது. சுவர்களில் மோதியே அவன் கற்கிறான். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரான் சின்க்ளேர் ஓநாயாக உருமாறக்கூடியவள். அவளை வளர்த்த மதபோதகர் அதைச் சாத்தானின் வேலை என்றே போதித்திருந்ததால், அவளுக்கு முதல் பாடம் தன்னை வெறுக்காமல் இருப்பது. செயென் பழங்குடியைச் சேர்ந்த டேனியல் மூன்ஸ்டாரின் நிலை இன்னும் சிக்கலானது. எதிரில் இருப்பவரின் ஆழ்மன அச்சம் அவளது ஆற்றலால் எல்லோர் கண்முன்னும் உருவமாக எழுந்து நிற்கும். தொடக்கத்தில் அது அவள் விருப்பத்தைக் கேட்பதில்லை. நண்பர்கள் மறைத்து வைத்திருந்ததெல்லாம் அம்பலமாகிறது. இங்கே கட்டுப்பாடு என்பது பிறரின் அந்தரங்கத்தைக் காப்பது.

பின்னர் இக்குழுவில் சேரும் டக் ராம்சே எந்த மொழியையும் நொடிப்பொழுதில் புரிந்துகொள்வான். மொழிபெயர்ப்பாளர்கள் பொறாமைப்படத்தக்க ஆற்றல்தான். ஆனால், சண்டைக்களத்தில் அது தோட்டாவைத் தடுக்காது. 1988-இல் வெளிவந்த 60-ஆவது இதழில், தோழி ரானை நோக்கிப் பாய்ந்த தோட்டாவைத் தன் உடலில் ஏந்தி அவன் இறக்கிறான். அவன் பின்னாளில் மீண்டும் உயிர்த்தெழுந்தாலும், பள்ளி என்ற பெயரில் பிள்ளைகளைப் போருக்குத் தயார்செய்வது சரியா என்ற கேள்வியை அந்த இதழ் எழுப்பியது. அதற்கு 'எக்ஸ்-மென்' கதைகள் இதுவரை தெளிவான விடை தந்ததாகச் சொல்ல முடியாது.

விடை தராத இன்னொரு கேள்வி ரோக் என்ற பாத்திரம். தோலோடு தோல் பட்டால் போதும், எதிரிலிருப்பவரின் நினைவும் ஆற்றலும் அவளுக்குள் இறங்கிவிடும். 1981-இல் எதிரணியில் அறிமுகமான அவள், 1983-இல் தன்னால் தாங்க முடியவில்லை என்று சேவியரின் கதவைத் தட்டுகிறாள். எதிரியாயிற்றே என்று மற்றவர்கள் கொதிக்கிறார்கள். கற்க வந்தவளைத் திருப்பி அனுப்ப இயலாது என்பது பேராசிரியரின் நிலை. கையுறையைக் கழற்றும் அளவுக்கு அவள் தேர்ச்சி பெறப் பல்லாண்டுகள் ஆயின.

யூ.ஏ. பள்ளியின் 1-ஏ வகுப்பு

ஹொரிகோஷியின் உலகில் நிலைமை தலைகீழ். மக்களில் எண்பது விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தனியாற்றல் உண்டு. ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'கோசெய்'. தனித்தன்மை என்று பொருள். ஆங்கில வழியாக அறிந்தவர்களுக்கு அது 'குவர்க்'. ஆற்றல் இல்லாதவர்களே இங்கு சிறுபான்மை. அதனால் சட்டமும் வந்துவிடுகிறது: உரிமம் இல்லாமல் பொது இடத்தில் ஆற்றலைப் பயன்படுத்துவது குற்றம். நாயகன் என்பது தேர்வெழுதி உரிமம் பெறும் ஒரு தொழில். ஏறத்தாழ ஓட்டுநர் உரிமம்போல இதிலும் தற்காலிக உரிமம், முழு உரிமம் என்ற படிநிலைகள் உண்டு.

நாயகன் இசுக்கு மிடோரியா ஆற்றலின்றிப் பிறந்தவன். நாட்டின் முதல்நிலை நாயகரான ஆல் மைட், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த 'ஒன் ஃபார் ஆல்' என்ற ஆற்றலை அவனுக்கு அளிக்க முன்வருகிறார். உடனே அளித்துவிடவில்லை. பக்குவப்படாத உடலில் இறங்கினால் அது கைகால்களைச் சிதறடித்துவிடும் என்பதால், குப்பை குவிந்த ஒரு கடற்கரையைப் பத்து மாதம் வெறுங்கையால் சுத்தம் செய்ய வைக்கிறார். பழுதான குளிர்சாதனப் பெட்டிகளையும் டயர்களையும் இழுத்தே அந்தச் சிறுவனின் தசைகள் உருவாகின்றன.

அதன் பிறகும் போதவில்லை. யூ.ஏ. உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில், இடிபாட்டில் சிக்கிய மாணவியைக் காக்க அவன் ஒரே ஒரு குத்து விடுகிறான். ராட்சத இயந்திரம் நொறுங்குகிறது. குத்திய கையும், பாய்ந்த இரு கால்களும் கூடவே முறிகின்றன. இயந்திரங்களை வீழ்த்தியதற்கான மதிப்பெண் அவனுக்குச் சுழியம். பிறரைக் காத்ததற்கான 60 மதிப்பெண்ணே அவனைப் பள்ளிக்குள் சேர்க்கிறது. தேர்வில் முதலிடம் பெற்ற கட்சுகி பகுகோவுக்குக் கணக்கு நேரெதிர்: வீழ்த்தியதற்கு 77, காத்ததற்குச் சுழியம். இந்த இரு மதிப்பெண் பட்டியல்களைச் சுற்றியே பத்தாண்டுக் கதையும் நகர்ந்தது எனலாம்.

வகுப்பாசிரியர் ஷோட்டா ஐசாவா, பார்வையாலேயே பிறர் ஆற்றலை முடக்கக்கூடியவர். ஆசிரியர் பணிக்கு இதைவிடப் பொருத்தமான ஆற்றலைக் கற்பனை செய்வது கடினம். முதல் நாளே பந்தெறியும் சோதனை. ஒரு முறை ஆற்றலைப் பயன்படுத்திவிட்டு மயங்கி விழுபவனால் யாரையும் காப்பாற்ற இயலாது என்று அவர் மிடோரியாவை எச்சரிக்கிறார். கையை முழுவதும் பலியிடாமல், கடைசி நொடியில் ஒரு விரல்நுனிக்கு மட்டும் ஆற்றலைச் செலுத்தி அவன் பந்தை எறிகிறான். தூரம் 705.3 மீட்டர். முறிந்தது ஒரு விரல். பள்ளியில் அவன் பெற்ற முதல் முன்னேற்றம் அதுவே: சேதம் ஒரு விரலாகச் சுருங்கியது.

ஐந்து விழுக்காடு

மிடோரியாவின் பயிற்சி, தொடரில் மிக நுணுக்கமாக எழுதப்பட்ட பகுதி. கிரான் டொரினோ என்ற முதியவரிடம் களப்பயிற்சிக்குச் செல்லும்போது, மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கிய தையாக்கி என்னும் மீன்வடிவப் பலகாரம் ஒரு பக்கம் சுட்டும் மறுபக்கம் உறைந்தும் இருப்பதைக் கண்டு அவனுக்கு ஒன்று புலப்படுகிறது. தானும் இதுவரை ஆற்றலை ஒரு கைக்கோ ஒரு விரலுக்கோ மட்டும் பாய்ச்சிவந்தோம். உடல் முழுவதும் சீராகப் பரப்பினால் எந்த உறுப்பும் முறியாது. அவ்வாறு பரப்பும்போது அவன் உடல் தாங்கியது முழு ஆற்றலில் ஐந்து விழுக்காடு. பின்னர் எட்டு, அதன் பின் இருபது என அந்த அளவு மெல்ல ஏறுகிறது. ஓட்டப் பயிற்சியில் வாரந்தோறும் தூரத்தைக் கூட்டும் எவருக்கும் இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

செலவில்லாமல் எதுவும் இங்கே கற்கப்படுவதில்லை. பள்ளி மருத்துவர் ரிகவரி கேர்ள் எலும்புகளை ஒட்டவைக்கக்கூடியவர். ஆனால், அதற்கான வலு நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படும். பள்ளி விளையாட்டு விழாவில் மிடோரியா விரல்களை ஒவ்வொன்றாக முறித்துக்கொண்டு போராடிய பின், இத்தகைய காயங்களுக்கு இனிச் சிகிச்சை அளிக்க மாட்டேன் என்று அவர் கூறிவிடுகிறார். அவனது வலக்கை வடிவம் சற்றுக் கோணலாகவே நின்றுவிடுகிறது. கோடைக்கால முகாமில் நேர்ந்த மோதலுக்குப் பின், இதேபோல் இன்னும் சில முறை நேர்ந்தால் கைகள் செயலிழக்கும் என்ற மருத்துவ எச்சரிக்கையும் வருகிறது. அதன் பிறகே அவன் கைகளை விட்டுக் கால்களால் போரிடும் முறைக்கு மாறுகிறான். ஆல் மைட்டைப் போலவே சண்டையிட வேண்டும் என்ற ஆசையைக் கைவிடுவதும் அந்தப் பயிற்சியில் அடக்கம்.

வகுப்புத் தோழர்களுக்கும் அவரவர் அளவில் இதே சிக்கல். மின்சாரம் பாய்ச்சும் காமினாரி, அளவு மீறினால் சிறிது நேரம் சிந்திக்கும் திறனையே இழந்துவிடுவான். எடையை நீக்கும் ஊராராகாவுக்கு எல்லை மீறினால் குமட்டல். உடலின் கொழுப்பிலிருந்து பொருள்களை உருவாக்கும் யாவோயொரொசு, ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு அமைப்பையும் படித்திருக்க வேண்டும். அதோடு நன்றாக உண்ணவும் வேண்டும். டோகோயாமியின் உடலுக்குள் வாழும் நிழல் உருவம் இருள் கூடக்கூட வலுப்பெற்று, அவன் சொல் கேட்காது. வெளிச்சம் பட்டால் அடங்கும். வலிமை மிகும் இடத்திலேயே கட்டுப்பாடு குறைகிறது என்ற விதியைத் தொடர் இவர்கள் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாகச் சோதித்துப் பார்க்கிறது.

வகுப்பிலேயே மிகத் திறமையானவர்களான பகுகோவும் ஷோட்டோ டோடோரோகியும் தற்காலிக உரிமத் தேர்வில் தோல்வியுறுவது தொடரின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று. காப்பாற்ற வேண்டியவர்களைத் திட்டியதால் பகுகோவும், களத்தில் சக தேர்வரோடு சண்டையிட்டதால் டோடோரோகியும் தகுதி இழக்கிறார்கள். இருவருக்கும் விதிக்கப்படும் மறுபயிற்சி, அடங்காத ஒரு வகுப்புச் சிறுவர்களின் மனத்தை வெல்வது.

ஒரு வீட்டில் இரு பிள்ளைகள்

டோடோரோகி குடும்பத்தின் கதையில்தான் 'மை ஹீரோ அகாடமியா' தன் முன்னோடிகளைத் தாண்டுகிறது. தந்தை எண்டெவர் தீ ஆற்றல் கொண்டவர்; ஆல் மைட்டை முந்த இயலாமல் இரண்டாம் இடத்திலேயே நின்றவர். தன்னால் இயலாததைப் பிள்ளை சாதிக்க வேண்டும் என்பதற்காகவே, பனி ஆற்றல் கொண்ட ஒரு பெண்ணை மணந்து, இரு ஆற்றல்களும் கலந்த வாரிசை எதிர்பார்க்கிறார்.

மூத்த மகன் டோயாவுக்குத் தந்தையைவிட வீரியமான தீ வாய்க்கிறது. ஆனால், குளிருக்கேற்ற தாயின் உடல்வாகும் கூடவே வாய்க்கிறது. சொந்த நெருப்பே அவன் தோலைச் சுடுகிறது. இதைக் கண்ட தந்தை பயிற்சியை நிறுத்திவிடுகிறார். உடலைக் காக்கும் முடிவுதான் அது. ஆனால், பயிற்சி ஒன்றே தந்தையின் அன்புக்கான வழி என்று நம்ப வைக்கப்பட்ட சிறுவனுக்கு அதன் பொருள் வேறு. எவரும் பார்க்காமல் மலையில் தனியே பயிற்சி செய்கிறான். பதின்மூன்று வயதில் தீ கட்டுமீறி அவனையே விழுங்குகிறது. இறந்ததாகக் கருதப்பட்ட அவன்தான் பின்னாளில் டாபி என்ற பெயரில் எதிரணியில் நிற்பவன்.

கடைசி மகன் ஷோட்டோவுக்கு வலப்பாதி பனி, இடப்பாதி தீ. ஐந்து வயதிலேயே கடுமையான பயிற்சி அவனுக்குத் தொடங்குகிறது. தாய் மனம் குலைந்து, கணவரை நினைவூட்டிய மகனின் இடப்பக்க முகத்தில் கொதிநீரை ஊற்றிவிடுகிறார். யூ.ஏ. பள்ளிக்கு வரும்போது அவன் நுட்பத்தில் குறைவற்றவன். ஆனால், தந்தையின் பங்கான தீயைத் தொடவே மறுக்கிறான். விளையாட்டு விழாவில் மிடோரியா விரல்கள் முறிய முறிய அவனிடம் வாதிடுவது இதைத்தான்: அந்த ஆற்றல் உன்னுடையது, தந்தையுடையதன்று. அன்று ஷோட்டோ தீயை மூட்டுகிறான். மிடோரியா அந்தப் போட்டியில் தோற்கிறான்.

ஒரே வீட்டில், ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவர். முறையற்ற பயிற்சி ஒருவனையும், விளக்கமின்றி நிறுத்தப்பட்ட பயிற்சி மற்றவனையும் குலைத்தது. மதிப்பெண்ணுக்காகவும் பதக்கத்துக்காகவும் பிள்ளைகளை வதைக்கும் பெற்றோரைப் பற்றிய கதையாக இதைப் படிப்பவர்கள் பலர். அந்த வாசிப்பில் தவறேதும் இல்லை.

பள்ளி கிடைக்காத பிள்ளை

தொடரின் முதன்மை எதிரி ஷிகராகி. அவனது இயற்பெயர் டென்கோ ஷிமுரா. தொட்டதெல்லாம் பொடியாகச் சிதையும் ஆற்றல் கொண்டவன். சிறுவனாக இருந்தபோது அது திடீரென வெளிப்பட்டு, வீட்டிலிருந்த அனைவரும் அவன் கையாலேயே மாண்டுபோகிறார்கள். குருதி படிந்த உடையுடன் தெருவில் அலைகிறான். பார்த்தவர்கள் விலகிச் செல்கிறார்கள். ஒரு மூதாட்டி நெருங்கிவந்து, அவன் முகத்தைக் கண்டதும், எவரேனும் நாயகர் வந்து கவனிப்பார் என்று நகர்ந்துவிடுகிறார். கடைசியில் கைநீட்டுபவன் 'ஆல் ஃபார் ஒன்' என்ற கொடியவன். அவனும் ஒரு வகையில் ஆசிரியனே; அழிவுக்கான பாடங்களை முறையாகக் கற்பிக்கிறான். அந்த வெறிச்சோடிய தெருவும் தற்செயலாக அமைந்ததன்று, அவன் திட்டமிட்டே அந்தப் பிள்ளையை வளைத்தான் எனத் தொடர் பின்னர் வெளிப்படுத்துகிறது. ஆயினும் அன்று முகம் திருப்பிச் சென்றவர்களை அது குற்றத்திலிருந்து விடுவிக்கவில்லை.

இதற்கு இணையாகத் தொடர் வைப்பது எரி என்ற சிறுமியை. உயிர்களின் நிலையைப் பின்னோக்கித் திருப்பும் அவளது ஆற்றல், அவளை அறியாமலேயே தந்தையை இல்லாமல் ஆக்கிவிட்டது. தாய் கைவிடுகிறார், குற்றக்கும்பல் ஒன்று அவளைப் பயன்படுத்திக்கொள்கிறது. டென்கோவின் கதையே மறுபடியும் நிகழ்வதற்கான எல்லாக் கூறுகளும் இங்கு உண்டு. அவள் மீட்கப்பட்டுப் பள்ளிக்குக் கொண்டுவரப்படுவதும், ஆற்றல் மிகும்போது பார்வையாலேயே அதை அணைக்கக்கூடிய ஐசாவா அருகில் இருப்பதும் மட்டுமே வேறுபாடு. அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று கண்ட மாணவர்கள், பள்ளி விழாவில் ஆடிப்பாடி அவளை முதன்முறையாகச் சிரிக்க வைக்கிறார்கள். அதையும் பாடத்திட்டத்தின் பகுதியாகவே தொடர் நடத்துகிறது.

ஆற்றலை வெறுமனே அடக்கிவைக்கச் சொல்வதும் தீர்வாவதில்லை. குருதியை அருந்தி அதற்குரியவராக உருமாறும் ஹிமிகோ டோகாவுக்குப் பெற்றோரும் ஆலோசகர்களும் கற்றுத்தந்தது ஒன்றே: இயல்பான பிள்ளைபோல் நடி. நடுநிலைப் பள்ளி முடியும் நாள் வரை நடித்தவள், பின்னர் ஒரு நாள் உடைந்துபோகிறாள். எதிரணியின் வரலாறுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அவர்களுள் முதன்மையான பலர் கல்வி கிடைக்காத அல்லது தவறான கல்வி பெற்ற பிள்ளைகள் என்பது தெளிவாகும்.

இறுதிப் போரில் 'ஒன் ஃபார் ஆல்' ஆற்றலை மிடோரியா விட்டுக்கொடுக்க நேர்கிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய கடைசி அத்தியாயத்தில் அவன் யூ.ஏ. பள்ளியில் ஆசிரியர். 2024-இல் அந்த முடிவு வெளியானபோது வாசகர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. தலைசிறந்த நாயகனாவான் என்று எதிர்பார்த்தவனை வகுப்பறையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பது ஒரு சாராரின் ஏமாற்றம். ஆனால், ஆசிரியர் வாய்த்ததாலேயே பிழைத்தவர்களையும் வாய்க்காததால் அழிந்தவர்களையும் பத்தாண்டுகள் தொடர்ந்து காட்டிய கதைக்கு வேறு முடிவு பொருந்தியிருக்குமா என்பது ஐயமே.

அதற்குச் சற்று முன்பு இன்னொரு சிறு காட்சி வருகிறது. டென்கோவைத் தெருவில் விட்டுச்சென்ற அதே மூதாட்டி, அச்சுறுத்தும் தோற்றத்துடன் தனியே நடந்துவரும் வேறொரு சிறுவனைக் காண்கிறார். இம்முறை அவர் நின்று, அவனருகில் சென்று, கையை நீட்டுகிறார்.